காசிமேட்டு மெக்கானிக் கம்ப்யூட்டருக்குப் பார்த்த ஓவராயில்

காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் விசைப்படகு இஞ்சின் நன்றாக ஓடினாலும் பிரித்து மேய்ந்துவிடுவார்கள். பழைய ஆயில் ஒரு சொட்டு மிஞ்சாது. இஞ்சின் மெக்கானிக் அம்புரோஸுக்கு இந்த ஓவராயில்தான் ஜெபம், தவம் எல்லாம். பூசைக்குப் போகிறாரோ இல்லையோ, தடைக்காலத்தில் ஸ்பானரோடு படகுக்குள் இறங்கிவிடுவார்.

இந்த வருஷம் அந்தக் கை வீட்டுக் கம்ப்யூட்டர் பக்கமும் நீண்டது. யார் கண் பட்டதோ என்று பிற்பாடு சொல்லிப் பார்த்தார். பட்டது அவர் கைதான்.

வண்ணாரப்பேட்டையில் பழைய கம்ப்யூட்டர் விற்கிற யாசினிடம் வாங்கியது அது. விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்குகிற கிழட்டு டப்பாவில் லினக்ஸை ஏற்றி, பெரிய மானிட்டரும் மாட்டிக் கொடுத்திருந்தான். பெரிய மானிட்டர் எல்சிக்காக. அம்புரோஸின் மனைவி எல்சிக்குச் சர்க்கரை நோய் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. போனில் முகம் காட்டினால் புகை என்பாள். மானிட்டர் முழுக்க முகம் வந்தால் மரு வரைக்கும் சொல்வாள்.

குவைத்தில் நர்ஸாக இருக்கும் மகள் ஷைனியை அதில் ஒருதரம் பார்த்து அழுதாள். பேத்தி அப்போது தூங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஞானஸ்நானம், அன்றைக்குக் காட்டுகிறேன் என்றாள் ஷைனி. மிச்சம் இருக்கிற பார்வைக்கு டாக்டர் எந்த உத்தரவாதமும் கொடுக்கவில்லை. அதனால் எல்சி வெள்ளிக்கிழமைக்காகவே கண்ணைப் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தாள்.

நல்ல நாளும் அதுவுமாக மிஷின் படுத்துவிடக் கூடாதே என்று அம்புரோஸ் ஓவராயிலில் இறங்கினார். திரையில் கேட்ட அப்டேட் எல்லாவற்றையும் கொடுத்தார். லினக்ஸே புதிதாக மாறியது. லினக்ஸின் உட்கருவான பழைய கெர்னல் இனித் தேவையில்லை, நீக்கவா என்று கேட்டது. பழைய ஆயிலை யார் வைத்துக்கொள்வார்கள்? நீக்கினார். திரும்பக் கிளப்பினார். திரை கருப்பு.

யாசினுக்குப் போன் போட்டார்.

"மாமு, ஓடிக்கினு இருந்தத ஏன் நோண்டினே?"

"ஓவராயில் பண்ணாம எப்டிடா ஓட்றது?"

"இது இன்னா போட்டு இஞ்சினா? சரி வுடு, பழைய கெர்னல் கீதா? அதுல பூந்துடலாம்."

"அத்த கழுவி ஊத்திட்டேன்."

யாசின் விளக்கினான். திரைக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டு கிழடு. அதற்கும் லினக்ஸுக்கும் நடுவில் தரகு பார்க்கிற டிரைவர் பழைய கெர்னலோடுதான் பேசும், புதுசோடு பேசாது. கடையில் வேறு டப்பா இருக்கிறது, வந்து தூக்கிக்கொண்டு போ, ஞானஸ்நானம் முடிந்ததும் கொடு என்றான். அம்புரோஸ் வேண்டாமென்றார். ஹார்பரில் அடுத்தவன் இஞ்சினைக் கடன் வாங்கி ஓட்டியவர் இல்லை அவர்.

கார்டைக் கழற்றி அதன் பல்லில் படிந்த உப்புக்காற்றுக் கறையை ரப்பரால் தேய்த்தார். கருப்பு. மிஷின் கிளம்பும்போதே கார்டை எழுப்பாமல் விடும் வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். திரை வந்தது, ஆனால் எழுத்தெல்லாம் பூதாகரம், வீடியோ நொண்டியது. கடைசியில் லினக்ஸுக்குள்ளேயே இருக்கிற இலவச டிரைவரைப் போட்டார். படம் கண்ணாடி மாதிரி வந்தது. வீடியோவை அதிக நேரம் ஓட்டிப் பார்க்கவில்லை. ஓட்டிப் பார்க்கப் பயம்.

வெள்ளிக்கிழமை எல்சி பட்டுப்புடவை கட்டி மானிட்டருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். கோயில் தெரிந்தது. பீடம் தெரிந்தது. சாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு குறுக்கே வந்தார். அப்படியே நின்றுவிட்டார். கார்டு மக்கர் பண்ணி, படம் உறைந்துவிட்டது. சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"புள்ள எங்கய்யா?"

"சாமியார் மறைச்சுக்கினு கீறாரு. நவுருவாரு."

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வந்தது. பிள்ளை வீறிட்டது, எல்லாரும் சிரித்தார்கள். சாமியார் நகரவில்லை. அம்புரோஸ் மவுசைப் பிடித்து ஆட்டினார், ஸ்பானர் போட இடம் தேடுகிறவர் மாதிரி.

"அம்மா, பாத்தியா? உன் மூக்கும்மா" என்றது ஷைனியின் குரல்.

"பாத்தேன் கண்ணு. அப்டியே கீது" என்றாள் எல்சி.

ஷைனி சந்தோஷமாகப் போனை வைத்துவிட்டாள். எல்சி திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. யாசின் வேற டப்பா குடுக்கறேன்னானே, வாங்கினு வந்தா இன்னா கொறஞ்சுபூட்டிருப்பே என்று மெதுவாகக் கேட்டாள். ஸ்பீக்கர் போனில் பேசியதை அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறாள். அம்புரோஸ் கையில் இல்லாத கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அணைச்சுடுய்யா" என்றாள். "அவரு முதுகு எனுக்கு நல்லாவே தெரியுது."