நின்று நின்று கன்னிவாடிக்கு

எங்கள் கார் கிளம்பவே மாட்டேன் என்று அடம்பிடித்திருந்தால் வம்பே இல்லை, பஸ் ஏறிப் போயிருப்போம். அது ஒழுங்காகக் கிளம்பியது. சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி, பழனி ரோட்டில் ஏறி, திண்டுக்கல் முடிகிற இடத்தில் இரண்டு இருமல் இருமி நின்றுவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில், ஓர் ஆயுதபூஜைக்கு மறுநாள் அது. அப்பா வெங்காய மண்டி வைத்திருந்தார். மண்டிக்குப் போய்வர என்று யாரிடமோ வாங்கிய பழைய கார், டிக்கியைத் திறந்தால் சின்ன வெங்காயம் மூக்கில் ஏறும். அன்றைக்கு அப்பா ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். பின்சீட்டில் அம்மா, மடியில் பூஜைப் பொரியும் கடலையும் கட்டிய பையோடு. அக்காவைப் பார்க்கக் கன்னிவாடிக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

அக்கா கன்னிவாடியில் இருப்பது மூன்று பேருக்கும் தெரியும், ஆனால் அந்த ஊர்ப் பெயரையே வீட்டில் யாரும் சொல்லமாட்டோம். கூட வேலை பார்த்த கிறிஸ்தவப் பையனை அவளாகவே கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். பூ விவசாயம் பார்க்கிற குடும்பம், தங்கமான பையன் என்று வந்தவர்கள் எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். அப்பாவின் காதில் ஏறவில்லை. "எனக்கு ஒரு பிள்ளதான்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு பிள்ளை நான்தான். அந்தப் பட்டம் வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

அவள் போனதும் கட்டில் முழுசும் எனக்கே வந்தது. அதுவரை அந்தக் கட்டிலுக்காக நாங்கள் போடாத சண்டை இல்லை. வந்த பிறகும் சுவரோரமாக என் பாதியிலேயே படுத்தேன். கல்லூரியில் நடந்ததை யாரிடம் சொல்ல, யாருடைய தாவணியைக் கேட்காமல் எடுத்துக் கட்ட? அவள் இல்லாமல் எனக்கு நாளே போகவில்லை. அம்மாவுக்கு எப்படிப் போனது என்று கேட்கக்கூடப் பயமாக இருந்தது.

ஆயுதபூஜைக்குக் காரைக் கழுவி, வாழைக்கன்று கட்டுவது அக்காவின் வேலை. அவள் போன பிறகு அப்பாவே கழுவினார். அந்த வருடம் பூஜை முடிந்து, ஈர வேட்டியோடு வாசலில் நின்றவர், யாரையும் பார்க்காமல், "நாளைக்குக் கன்னிவாடி போய்ட்டு வந்துருவமா" என்றார். அம்மா கையில் இருந்த சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஏன், எதற்கு என்று நாங்கள் கேட்கவே இல்லை. கேட்டால் மனசு மாறிவிடுவார் என்று பயம்.

அந்தப் பயத்தோடு வந்தவள் நான். கார் நின்றதும் எப்படி இருந்திருக்கும்!

அப்பா பானெட்டைத் திறந்தார். "பெட்ரோல் பம்பு சூடேறிப் போச்சு. சூடானா உள்ளயே பெட்ரோலு ஆவியாயிரும்" என்றார். தோளில் கிடந்த துண்டை அம்மா கொண்டுவந்த குடிதண்ணீரில் நனைத்துப் பம்பின் மேல் சுற்றினார். செத்த நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் கார் கிளம்பியது. "பாத்தியா?" என்றார். நானும் நம்பினேன்.

கொஞ்ச தூரம்தான். மறுபடியும் அதே இரண்டு இருமல். துண்டு இன்னும் சொட்டச் சொட்ட ஈரமாகத்தான் இருந்தது. அப்பா பெட்ரோல் வரும் குழாயைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு என்னைச் சாவி திருப்பச் சொன்னார். ஒரு சொட்டு விழுந்தது, அவ்வளவுதான். டேங்க்கோ முந்தாநாள் போட்டது, கழுத்துவரை இருந்தது. "அடைச்சிருக்கு" என்று ஃபில்டரைக் கழற்றி வாயால் ஊதினார். கொஞ்சம் தூசி பறந்தது. கார் கிளம்பியது. இந்தத் தடவை "பாத்தியா" கேட்கவில்லை, நல்லவேளை. ஒரு கிலோமீட்டர் கூடப் போயிருக்காது, ஒரு புளியமரத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது தடவையாக நின்றது.

"வண்டிக்கே வர மனசில்ல போல. திரும்பிருவம்" என்றார் அப்பா.

அந்தக் குரலில் வருத்தம் இருந்திருந்தால் பொறுத்திருப்பேன். அதில் இருந்தது நிம்மதி. அம்மா மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்குத் திரும்பினால் இன்னொரு நாள் என்பது இந்த மனிதரிடம் கிடையாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"துண்ட நனைச்சாலும் கிளம்புது, ஊதுனாலும் கிளம்புது. அப்ப ரெண்டும் காரணமில்லப்பா. சும்மா நிக்கிறோம்ல, அதுலதான் சரியாகுது. நிக்கும்போது என்ன ஆகுதுன்னு பாருங்க" என்றேன்.

அப்பா முறைத்தார். அதற்குள் அம்மா பின்னாலிருந்து, "ஏங்க, பெட்ரோல்ல மண்ணெண்ணெயக் கலந்துட்டானோ என்னவோ, செத்த மோந்து பாருங்களேன்" என்றாள். மண்ணெண்ணெய்க்கும் நின்று கிளம்புவதற்கும் என்ன சம்பந்தம் என்று அம்மாவிடம் யார் கேட்பது? அப்பா அலுத்துக்கொண்டே பின்னால் போய் டேங்க் மூடியைத் திருகினார்.

உஸ்ஸ்ஸ் என்று ஒரு பெருமூச்சு. முன்சீட்டில் இருந்த எனக்கே கேட்டது.

"சாவியத் திருப்பு" என்றார். காத்திருக்கவே இல்லை. கொஞ்சம் இழுத்துவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது.

மூடியை வெயிலில் திருப்பிப் பார்த்தார். அதன் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டேங்க் பெட்ரோலை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சும்மா நிற்கும்போது எங்கேயோ இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்து போக, மறுபடியும் கிளம்பும். அந்த ஓட்டையின் மேல் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, இரண்டும் காய்ந்து சிமென்ட் பூசினது மாதிரி இறுகிக் கிடந்தது.

"பூஜைக்கு எல்லா இடத்துலயும்தான் வச்சேன்" என்றாள் அம்மா. பிறகு மெதுவாக, "வழியில எங்கயும் நிக்காமப் போயிரணும்னு ராத்திரி அங்க மட்டும் இன்னும் கொஞ்சம் கூட வச்சேன்" என்றாள்.

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அம்மா அழுதுகொண்டிருந்தாள். சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி அவளே நீட்டினாள். அப்பா ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்து, ஊதி, மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கார் ஓடிக்கொண்டிருந்தது. இனிமேல் பழி போட எதுவும் இல்லை. கார் நின்றபோதெல்லாம் பயந்ததைவிட அப்போதுதான் அதிகம் பயந்தேன். அவர் மூடியைத் திருகிவிட்டு வந்து உட்கார்ந்தார். கன்னிவாடி இருக்கிற மலைப் பக்கமாகவே ஓட்டினார்.

அப்பாவும் போய், அந்தக் காரும் கைமாறி எங்கேயோ போய்விட்டது. அந்த ரோட்டில் போகும்போதெல்லாம், வெங்காய வாடையடிக்கும் அந்த முன்சீட்டில் இன்னொரு தடவை உட்கார மாட்டோமா என்று ஏங்குகிறேன். அன்றைக்கு மூடியைத் திருகின பிறகு வழி நெடுக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது அந்த மௌனம் கிடைத்தால்கூடப் போதும்.

அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினார், ஆனால் எஞ்சினை அணைக்கவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க. அமத்துனா திரும்ப எடுக்காது" என்றார். பொய். அது பொய் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அந்தக் கார் பிறந்ததிலிருந்து அவ்வளவு சீராக ஓடியிருக்காது.

உள்ளே அம்மாவும் அக்காவும் கட்டிக்கொண்டு அழுதது தனிக் கதை. அதற்கு நடுவிலும் அக்காவின் கண் வாசலுக்கே போனது. "வெளிய வண்டிச் சத்தம் கேக்குதே, அப்பாவா?" என்றாள். நான் தலையாட்டினேன். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு நேராகக் காருக்குப் போனாள். அப்பா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதிரே காலியாகக் கிடந்த தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, சாவியைத் திருப்பி அணைத்தாள்.

"ஏத்தா, அமத்திட்டியே. இனி எடுக்காட்டி என்ன செய்யிறது?" என்றார் அப்பா.

"எடுக்காட்டி இங்கனயே இருங்க" என்றாள் அக்கா.