பதினான்காம் பை

2015 மே 17, பகல் பதினொன்றரை. விக்கிரமங்கலத்து வைரக்கண்ணு தன் வாழ்க்கையில் திருப்பிப் பிடிக்க நினைக்கும் நேரம் அதுதான்.

அன்று அவர் வங்கக்கடலில் ஒரு துளையிடும் கப்பலில் இருந்தார். ஆழ்கடலின் தரைக்கு அடியில், குளிரும் அழுத்தமும் சேர்ந்து மீத்தேன் வாயுவைப் பனிக்கட்டிக்குள் பூட்டி வைத்திருக்கின்றன. ஒரு படி பனிக்கட்டி உருகினால் நூற்றறுபது படி வாயு. எடுக்கத் தெரிந்தால் நாட்டுக்கு அடுப்பெரியும். கடல் சூடேறித் தானாகக் கசிந்தால் வானம் கொதிக்கும். குழாயில் வரும் கட்டிகளை உருகுவதற்குள் துணிப்பையில் போட்டு, எண் கட்டி, திரவ நைட்ரஜன் குடுவையில் இறக்குவது வைரக்கண்ணுவின் வேலை.

அந்தக் கட்டிகளை ஆராய வந்தவர்களில் ஒருத்தி அபிநயா. சர்க்கரை ஆலை இருக்கும் எறையூர்ப் பெண். நூறு பேர் இருந்த கப்பலில் தமிழ் பேச இவர்கள் இரண்டு பேர்தான்.

"சக்கரை ஆலைப் புகை பத்தலன்னு கடலுக்கு வந்துட்டியா தங்கச்சி?"

"உங்க அரியலூர் சுண்ணாம்புச் சுரங்கத்துல தோண்ட இடமில்லாமத்தானே அண்ணே நீங்க வந்தீங்க?"

பதினான்காம் பையிலிருந்த கட்டிதான் அவளுக்கு உயிர். கடல்தரைக்குச் சற்றே கீழே கிடைத்தது. பனி ஏற்கெனவே உருகத் தொடங்கிவிட்டதா என்பதை அதுதான் சொல்லும் என்றாள்.

அன்று ஹெலிகாப்டரில் விருந்தினர்கள் வந்திறங்கினார்கள். எரியும் பனிக்கட்டியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வழக்கமாக உடைந்த சில்லுகளைத்தான் கொளுத்திக் காட்டுவார்கள். அன்று சில்லு வாளி காலி. "ஏதாச்சும் ஒண்ணக் கொளுத்துப்பா, நிக்கிறாங்கல்ல!" என்று மேற்பார்வையாளர் அதட்டினார். வைரக்கண்ணு குடுவைக்குள் இடுக்கியை விட்டார். கைக்கு வந்தது பதினான்கு. எஃகுத் தட்டில் நீலச் சுடர் எழுந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். காலிப் பை கண்ணில் படக்கூடாதென்று, வேறு ஆழத்தில் கிடைத்த பதினைந்தாம் பைக் கட்டியில் பாதியை உடைத்துப் பதினான்கில் போட்டு முடிந்தார்.

பாதிக் கட்டியில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தார். அபிநயாவிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்து வெல்டிங் பட்டறை போட்டார். போன வாரம் பெரம்பலூரில் ஒரு கல்லூரிக்குச் சன்னல் கம்பி பொருத்தப் போனார். ஏணியில் நின்றிருந்தபோது உள்ளே பாடம் நடத்திய குரல் பிடிபட்டது. அபிநயா. காதோரம் நரை.

"நான் செஞ்ச தப்ப நீங்க செய்யாதீங்க," என்று மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "பதினாலு, பதினஞ்சு ரெண்டு எண்ணையும் ஒரே கட்டிக்குக் குறிச்சுட்டேன் போலருக்கு. ரெண்டு ஆழத்துக்கும் ஒரே முடிவு வந்துச்சு. அஞ்சு வருஷ ஆராய்ச்சியை நம்ப முடியாதுன்னு தள்ளிட்டாங்க. நியாயந்தானே?"

வைரக்கண்ணு ஏணியிலிருந்து இறங்கினார்.

மணி அடித்து மாணவர்கள் வெளியேறும்வரை காத்திருந்தார். அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "அண்ணே! இங்க எங்க? உக்காருங்க, டீ சொல்றேன்."

"டீ வேணாம் தங்கச்சி." நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். வாளி, இடுக்கி, சுடர், பாதிக் கட்டி.

அவள் கையிலிருந்த சாக்பீஸை மேசைமேல் வைத்தாள்.

"வேற யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"எம் பொஞ்சாதி மலர்கொடிகிட்ட மட்டும். 'அந்தப் புள்ளகிட்டப் போயி சொல்லுய்யா'ன்னு அப்பவே வூட்ல ஏசுனா. எனக்குத்தான் உன் முன்னால வர மூஞ்சி இல்லாமப் போச்சு."

"கப்பல் அதே இடத்துல இன்னும் மூணு நாள் நின்னுச்சு அண்ணே," என்றாள். குரல் உயரவில்லை. "அன்னிக்கே சொல்லிருந்தா, பக்கத்துலயே இன்னொரு குழாய் எறக்கியிருப்பாங்க. நான் கேட்டிருப்பேன்."

இன்னொரு குழாய் இறக்கலாம் என்பது வைரக்கண்ணுவுக்குத் தெரியாது. கட்டி எரிந்ததோடு காரியம் முடிந்துவிட்டது என்றுதான் பத்து வருஷமும் நினைத்திருந்தார். மூன்று நாளும் அவளோடு ஒரே மேசையில் சாப்பிட்டது நினைவுக்கு வந்தது.

"திட்டிடு தங்கச்சி."

"திட்டி என்ன ஆகப்போவுது? எனக்கு ஒரு எண்ணக்கூட சரியா எழுத வராதுன்னு நெனச்சு ஆராய்ச்சி பக்கமே போகல. பேனாவக்கூட மூடிட்டேனான்னு ரெண்டு தடவை பாக்குறேன்." சாக்பீஸை எடுத்து டப்பாவில் போட்டாள். "புதன்கிழமை பத்தரைக்கு அடுத்த பிரிவுக்கு இதே பாடம். இனிமே அந்தக் கதைய நான் சொல்ல முடியாது. நீங்க வந்து சொல்லுங்க."

புதன்கிழமை பாடாலூரில் ஓட்டல் ஷட்டர் வேலை ஒன்று ஒப்புக்கொண்டிருந்தார். அதை வியாழனுக்குத் தள்ளிவைத்திருக்கிறார்.