இரண்டு நாள் என்னிடம் இருந்த செய்தி

என் தங்கை ஜெர்மனியில் மேற்படிப்பு படிக்கிறாள். போன கோடையில் விடுமுறைக்கு ஆரணி வந்தவள், எங்கள் தறிக்குத் தார் சுற்ற வரும் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மா பத்து வருடமாகப் பின்வாசலில் உட்கார்ந்து பட்டு நூல் சுற்றித் தருகிறவர்.

“அங்க ஒரு ஓட்டல்ல பாத்திரம் கழுவறேன்க்கா. ஒருத்தரும் பேரு கூட கேக்கல. அப்பதான் நெனச்சிகினேன், இவங்கள என்னைக்காவது உள்ள வந்து உக்காருங்கன்னு சொல்லியிருக்கமா? நாம பணக்காரங்கக்கா. அது தெரியாமயே வளந்துட்டோம்.”

“சரி பணக்காரி, அந்தத் தட்டையும் கழுவிட்டுப் போ” என்றேன். சிரித்துக்கொண்டே கழுவினாள்.

எனக்கு எரிந்தது. அவள் சொன்னது சரி என்பதால் கூடுதலாக எரிந்தது. தினமும் அந்த அம்மாவுக்குக் காபி கொடுப்பவள் நான். எனக்கு ஏன் தோன்றவில்லை? இப்படி வருத்தப்படுவதற்குக்கூட விமானம் ஏற வேண்டியிருக்கிறது.

ஏழு வருடம் முன்பு எனக்கும் வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்தது. கடிதம் வந்த வாரம் என் முகூர்த்தப் புடவைக்கான பாவு, அதாவது நீளவாட்டு நூல், தறியில் ஏறியிருந்தது. ஏறிய பாவைப் பாதியில் அறுப்பது எங்கள் வீட்டில் அபசகுனம். “பொடவ எறங்கட்டும், அப்புறம் பேசலாம்” என்றார் அப்பா. புடவை இறங்கியதும் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தார்கள். உள்ளூரிலேயே கல்யாணம்; தறி வேலைக்குத் தினமும் அப்பா வீட்டுக்கு வந்துவிடுவேன். தங்கையின் முறை வந்தபோது, அவள் படிப்பு முடியும்வரை முகூர்த்தப் புடவைக்குப் பாவு ஏற்ற வேண்டாம் என்று அப்பாவிடம் கெஞ்சியது நான்தான். அவளுக்கு அது தெரியாது.

அவள் திரும்பிப் போன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, போனில் அவள் பேசி அனுப்பிய செய்தி வந்தது. “அக்கா, அந்தம்மா பொண்ணு பிஎஸ்சி முடிச்சிட்டு சும்மாதான இருக்கா? இங்க அவளுக்கேத்த உதவித்தொகை ஒண்ணு இருக்கு. வெள்ளிக்கிழம கடைசி. அவ நம்பர் எங்கிட்ட இல்ல, ஜல்தியா சொல்லிடு.”

அன்று அந்த அம்மா வந்தார், காபி குடித்தார், போனார். நான் சொல்லவில்லை. என் மகளுக்குக் காய்ச்சல் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை காய்ச்சல் விட்டிருந்தது. அன்றும் சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் அந்தப் பெண் ஏமாந்து போவாளே என்று நினைத்தேன். கிடைத்துவிட்டால் என்ற நினைப்புதான் உண்மையில் என்னைத் தடுத்தது.

வியாழக்கிழமை அந்தப் பெண்ணே வந்தாள். “அம்மாக்கு முதுகு வலிக்குதுக்கா. திங்கக்கிழமல இருந்து செய்யாறு கம்பெனி வேலைக்கு பஸ் ஏறிடுவேன், அதுவரைக்கும் நான் சுத்தறேன்.”

என் மகள் அவளிடம், “நீ படிக்கலியா?” என்று கேட்டாள்.

“படிச்சது போதும் பாப்பா.”

மாமியார் கேட்டபோது நானும் அதே முகத்தோடு அதையே சொல்லியிருக்கிறேன். தங்கையின் செய்தியைப் போட்டு, போனை அவளிடம் நீட்டினேன். இரண்டு முறை கேட்டாள்.

“எப்பக்கா வந்துது இது?”

“செவ்வாக்கிழம.”

என்னை ஒரு முறை பார்த்தாள். “சர்டிபிகேட்லாம் வீட்லதான் இருக்கு” என்றாள்.

மகளை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்தி, அவளைப் பின்னால் ஏற்றி, அவள் வீட்டில் சர்டிபிகேட்டுகளை எடுத்துக்கொண்டு, பஸ் நிலையத்துக்கு அருகில் உள்ள கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். கடைசிப் பக்கத்தில், ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டிருந்தது.

“என்னக்கா எழுதறது?”

ஏழு வருடம் முன்பு இதே கேள்விக்கு நான் எழுதிய பதில் வரி வரியாக மனப்பாடம். வாய்வரை வந்தது. “உனக்குத் தோணறத எழுது” என்றேன்.

அவளுக்கு அதுதான் நல்லது என்று சொன்னேனா, என்னுடையதைத் தர மனம் வரவில்லையா? அவள் யோசித்து யோசித்துத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் திரையைப் பார்க்காமல் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.