எட்டாவது ஆள் ஏறும் வரை

துனிசியாவில் எங்கள் கஃப்சா நிலையத்தில் தோஸர் ஊருக்குப் போகிற வாடகை வண்டிகள் வரிசைப்படிதான் கிளம்பும். முன்னால் நிற்கும் வண்டியில் எட்டுப் பேர் சேர வேண்டும். சேர்ந்த நிமிடமே கிளம்பிவிட வேண்டும். லமீன் அண்ணனும் நானும் ஒரே தெரு. காலை நெரிசலுக்கு எழுந்து வர இருவருக்குமே உடம்பு வணங்காது. ஒன்பது மணிக்கு மேல் ஒன்றாக வந்து, அவர் வண்டிக்குப் பின்னால் என் வண்டியை நிறுத்துவேன். அந்த நேரத்தில் எட்டுப் பேர் சேர ஒரு மணி நேரமாவது ஆகும். நான் அதைச் சீட்டாட்டத்திலும் ஊர்வம்பிலும் கழிப்பேன். அவர் எழுதுவார்.

பெரிய எழுத்தாளர் என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பத்துநாலு வயது, ஆறாம் வகுப்புப் படிப்பு, பாஸ்பேட் சுரங்கத் தூசியில் கெட்டுப்போன ஒரு தொண்டை. இருபத்தாறு வருஷமாக எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியாயிற்று, ஒருவர் சொன்ன கதையும் தலையில் நிற்கவில்லையே என்று அவருக்கு ஒரு குறை. அதற்காக நோட்டு வாங்குவார். நாலு பக்கம் எழுதுவார். அப்புறம் மனசு வரவில்லை என்பார், கண் எரிகிறது என்பார், ரமதான் முடியட்டும் என்பார். இப்படி எட்டு நோட்டுகள். அவர் மனைவி முபாரக்கா அதில் இரண்டை ஆடும் குளிர்சாதனப் பெட்டியின் காலுக்கு அடியில் வைத்திருந்தார்.

ஒன்பதாவது நோட்டோடு அவர் வந்த அன்று, தோஸர் பள்ளி ஆசிரியை ஒருவர் முன் சீட்டில் இருந்தார். அண்ணனின் புலம்பலைக் கேட்டுவிட்டு, எதைப் பற்றி எழுதுவது என்று நீங்களே தேடுவதுதான் தப்பு, தினமும் வேறு யாரிடமாவது ஒரு சொல்லை வாங்குங்கள், அதைப் பற்றி மட்டும் எழுதுங்கள், அதே நேரத்தில், கொஞ்சமாக, என்றாராம். லமீன் அண்ணன் அதை எங்கள் தொழிலுக்குத் தகுந்தபடி வெட்டித் தைத்துக்கொண்டார். அன்றைக்கு முதலில் வண்டி ஏறுகிறவர் ஒரு சொல் தர வேண்டும். எட்டாவது ஆள் ஏறும் வரை எழுத வேண்டும். ஏறியதும் பாதி வரியானாலும் மூடிவிட வேண்டும். வேறு சொல் கேட்கக் கூடாது. தேநீர்க் கடையில் எல்லோர் முன்னாலும், இந்த நோட்டின் கடைசிப் பக்கம் வரை எழுதவில்லை என்றால் இனி வாழ்நாளில் பேனா தொட மாட்டேன் என்று வேறு சொல்லிவிட்டார். நாலு பேர் முன்னால் சொன்னதை மீறுகிற ஆள் இல்லை அவர். எனக்கே பக்கென்றிருந்தது.

முதல் வாரம் நாங்கள் சிரித்துத் தீர்த்தோம். ஒரு காய்கறி வியாபாரி "தக்காளி" என்றார். விடுப்பில் போன ராணுவக்காரன் "போர்வை" என்றான். ஒரு பெரியவர் தயங்காமல் "என் மாமியார்" என்றார், யாருடைய மாமியார் என்று தெரியாமலே லமீன் அண்ணன் ஒன்றரைப் பக்கம் எழுதினார். நாலாவது பக்கத்தைத் தாண்டினார். இருபதைத் தாண்டினார். அப்புறம் சிரிப்பு தானாக நின்றது. வரிசைக்கு வருகிறவர்கள், இன்றைக்கு என்ன சொல் என்று கேட்டுக்கொண்டே ஏற ஆரம்பித்தார்கள். அவர் முகத்திலும் ஒரு தெளிவு வந்திருந்தது. பொறாமையாக இருந்தது எனக்கு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அறுபத்தோராவது நாள் ஒரு வியாழன். ஜூலை மாதம், கல்யாண சீசன். முதலில் ஏறிய கிழவர் "கதவு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். லமீன் அண்ணன் வண்டியின் பானட்மேல் நோட்டை வைத்துக் குனிந்தவர் நிமிரவில்லை. சுரங்கத்தில் வேலை போன நாளில் சொந்த வீட்டுக் கதவைத் தட்டத் துணியாமல் வெளியே நின்றதை எழுதிக்கொண்டிருந்தாராம். இதுவரை யாரிடமும் சொல்லாதது. ஏழு பேர் ஏறியாயிற்று. அப்போது பெரிய துணிப்பையோடு ஜாஸியா வந்தாள்.

ஜாஸியா தையல்காரி. மணப்பெண்களுக்கான வெள்ளி ஜரிகை உடுப்புகளை வாடகைக்குக் கொடுப்பாள், கூடவே போய் உடம்புக்குப் பொருத்தி உடுத்தியும் விடுவாள். அன்று மாலை தோஸரில் ஒரு மருதாணிச் சடங்கு. அவள் கதவுப்பிடியில் கை வைக்கும்போது லமீன் அண்ணன் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நிறைஞ்சிருச்சும்மா, பின்னாடி வண்டி" என்றார்.

பொய். எட்டாவது சீட் காலியாகத்தான் இருந்தது. அவள் என் வண்டிக்கு வந்தாள். அவர் இன்னும் ஆறேழு வரி எழுதிவிட்டு, அடுத்து வந்த ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். இதெல்லாம் என் கண்ணெதிரில் நடந்தது. எனக்கு அன்றைக்கு முதல் ஆள் சுலபமாகக் கிடைத்தாள், நான் எதற்கு வாயைத் திறக்கிறேன்?

என் வண்டி நிறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. தோஸரில் இறங்கியபோது உடுப்பின் இடுப்பைப் பிரித்துத் தைக்க நேரம் இல்லை. ஊசி குத்தி ஒப்பேற்றினாளாம். சடங்கின் நடுவில் ஊசி ஒன்று நழுவி மணப்பெண் கத்த, மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிக்க, அதே வீட்டின் அடுத்த பெண்ணுக்கு இலையுதிர்காலத்தில் நடக்க இருந்த கல்யாணம் வேறு தையல்காரிக்குப் போய்விட்டது. தோஸரில் இது எல்லோருக்கும் தெரிந்த சேதி. நான் மறுநாள் தேநீர் குடிக்கும்போது இதை ஒரு வேடிக்கையாக லமீன் அண்ணனிடம் சொன்னேன். அவர் தம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அன்றைக்கு முதலில் ஏறியவர் தானாகவே ஒரு சொல் சொன்னார். இவர் "வேண்டாங்க" என்று நோட்டைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார். அடுத்த நாளும் அப்படித்தான். ஒன்பதாவதும் போச்சு என்று கடையில் பேசிக்கொண்டார்கள். முபாரக்கா அண்ணி மட்டும், "நீ பொய் சொன்னதுக்கு நோட்டு என்ன பண்ணும்?" என்று கேட்டாராம். லமீன் அண்ணன் எட்டுப் பேர் சேரும் வரை சும்மா நின்றார். ஒரு மனுஷன் சும்மா நிற்பதைப் பார்க்க இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்த வியாழன் ஒன்பதரைக்கு ஜாஸியா வந்தாள். லமீன் அண்ணனின் வண்டியில் அன்றைக்கு முதல் ஆள் அவள்தான். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட சொல் கேக்கலியாண்ணே?"

நிறுத்திவிட்டதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டாள். அவர் தொண்டையைச் செருமினார், தரையைப் பார்த்தார், போன வாரம் ஒரு சீட் காலியாக இருந்தது என்று ஆரம்பித்தார்.

"தெரியும்ணே. நான் தையல்காரி. ஏழா எட்டான்னு எண்ணத் தெரியாதா எனக்கு?" என்றாள். "இப்ப நான் சொல் தரேன். 'காத்திருந்தது'. எழுதுங்க. எட்டாவது ஆள் வர்றதுக்குள்ள எனக்குப் படிச்சுக் காட்டணும்."

அவர் சீட்டுக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்தார். நான் சீட்டாட்டத்தை விட்டுவிட்டு வண்டியருகே போய் நின்றேன். ஆட்கள் ஏற ஏற, நடப்பது என்ன என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்தார்கள். ஆறாவது ஆள் ஏறியபோது அவர் நிமிர்ந்து, எல்லோர் காதிலும் விழும்படி படித்தார். தான் சொன்ன பொய்யை அப்படியே எழுதியிருந்தார். ஒரு சாக்குப்போக்கும் இல்லை. கடைசியில், அந்தப் பெண் பையைக் கட்டிக்கொண்டு பின் வண்டியில் அழுதபடி காத்திருந்தாள் என்று முடித்திருந்தார்.

"நான் அழல" என்றாள் ஜாஸியா. "ஏன் அழணும்? திட்டினேன். ரெண்டு மணி நேரமும் உங்களத் திட்டினேன். அத எழுதுங்க."

என்ன திட்டினாள் என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இங்கே எழுதுகிற மாதிரி இல்லை. வண்டியில் இருந்த ஒரு ஹாஜியார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினார். லமீன் அண்ணன் ஒரு சொல் விடாமல் எழுதினார். எழுத எழுத அவர் தோள் தளர்ந்து இறங்கியது. ஒரு வாரமாகத் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்த மாதிரி ஒரு நிம்மதி. அந்தக் கல்யாண வீட்டுக்கு நானே வந்து சொல்றேம்மா, தப்பு என்னுதுன்னு, என்றார். வாங்க, நோட்டையும் எடுத்துட்டு வாங்க என்றாள் அவள்.

அப்புறம், "இன்னொண்ணு" என்றாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பின் வண்டிக்காரர் எல்லாத்தையும் பாத்துட்டு, ஒரு வார்த்தை சொல்லாம என்னை ஏத்திக்கிட்டார். அதையும் எழுதுங்க. பேரோட."

லமீன் அண்ணன் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லியிருக்கலாம் நான். அவர் குனிந்து எழுதினார். ஏழாவது ஆளுக்குப் பின்னாலேயே தர்பூசணியோடு எட்டாவது ஆளும் ஏற, நோட்டை மூடிவிட்டுக் கிளம்பினார்.

செப்டம்பர் கடைசியில் நோட்டு முடிந்தது. ஜாஸியாவுக்கு அந்த வீட்டுக் கல்யாணமும் திரும்பக் கிடைத்திருந்தது. தேநீர்க் கடையில் எல்லோரும் கூடினோம், முபாரக்கா அண்ணி பேரீச்சம்பழ இனிப்பு செய்து அனுப்பியிருந்தார். ஆளுக்கொரு பக்கமாகச் சத்தமாகப் படிப்பது என்று முடிவாயிற்று. என் முறை வந்தபோது லமீன் அண்ணன் நோட்டை வாங்கித் தாள்களைத் தள்ளி, ஒரு பக்கத்தைத் திறந்து என் கையில் கொடுத்தார். ஜாஸியாவின் பக்கம். திட்டுகளை நன்றாக ராகம் போட்டே படித்தேன், கடையே சிரித்தது. அதற்குக் கீழே, "மப்ரூக் பார்த்தான், பேசவில்லை" என்று என் பேரோடு இருந்தது. அங்கே என் குரல் உள்ளே போய்விட்டது.

"கேக்கல" என்றார் லமீன் அண்ணன். "சத்தமா படி."