கறுப்புக் காகிதம் சுற்றிய பாட்டில்கள்

எங்கள் ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குப் பெயர் எலுமிச்சை சார். முப்பது வருஷமாக மனுஷர் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார்: வைரஸ் நிமோனியாவுக்கு வைட்டமின் சி-யை அதிக அளவில் ஏற்றிப் பார்க்க வேண்டும். குணமாகிவிடும் என்று ஒருநாளும் அடித்துச் சொன்னதில்லை. "பாக்கவே மாட்டேன்னா எப்படிங்க தெரியும்?" என்பார். கூட்டத்தில் அவர் எழுந்தாலே பெரிய டாக்டர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஒருவர், "ஜூஸ் கடை வைக்கலாமே சார்" என்று கேட்டே விட்டார். இவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுமாதம் அதே மனுவைத் திருத்திக் கொடுத்தார்.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "எனக்கு முன்னாடியே வைட்டமினைக் கட்டிக்கிட்டாரு. நான் ரெண்டாந்தாரம்" என்பார் அக்கா.

ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது அனுமதி கிடைத்தது. அறுபது நோயாளிகள், ஒரே ஒரு தடவை. பாதிப் பேருக்கு வைட்டமின், பாதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. பாட்டிலில் கறுப்புக் காகிதம் சுற்றி, எண் ஒட்டி, வருகிற வரிசைப்படி கொடுக்க வேண்டியது மருந்தகத்தில் இருந்த நான். பட்டியல் என் அலமாரியில், சாவி என் இடுப்பில். "உங்களை நம்பித்தாம்மா இறங்குறேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்பதாவதாக வந்தவன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். அவன் மனைவி என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நல்ல மருந்தாக் குடுங்கக்கா" என்றாள். பட்டியலில் ஒன்பதுக்கு உப்பு நீர். கொடுக்க எனக்குக் கை வரவில்லை. சாரை அவ்வளவு நம்பினேன் நான். பத்தாம் எண்ணின் வைட்டமினை அவனுக்கு அனுப்பிவிட்டு, பட்டியலையும் மாற்றி எழுதினேன். பத்தாவது ஆள் நடந்தே வந்தார்; அவருக்கு உப்பு நீர் போதும் என்று நானே முடிவு செய்தேன். இப்படியே, மோசமாக வந்த பதினொரு பேருக்கு மாற்றினேன். கடைசியில் அடித்தல் திருத்தல் இல்லாமல் புதுப் பட்டியல் ஒன்றை எழுதி வைத்து, பழையதைக் கிழித்துப் போட்டேன்.

முடிவைக் கூட்டத்தில் வாசித்தார்கள். வைட்டமின் பக்கம் ஒன்பது சாவு, உப்பு நீர் பக்கம் நான்கு. அந்த அறையிலேயே எனக்கு உறைத்துவிட்டது. சாகக் கிடந்தவர்களையெல்லாம் ஒரே பக்கம் தள்ளியிருக்கிறேன், பாவி. எழுந்து சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடும் என்ற பயத்தில் வாயே திறக்கவில்லை.

அவர் ஒரு சால்ஜாப்பும் சொல்லவில்லை. "என் கருத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை" என்று தன் கைப்பட அறிக்கை எழுதினார். மருந்தகப் பொறுப்பாளரின் பிழையற்ற பணிக்கு நன்றி என்று அதில் ஒரு வரியும் சேர்த்திருந்தார். அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரியில் வைட்டமின் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஆறு வருஷம் கழித்து, ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காபியோடு வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். சார் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப அது தோத்துப் போகல" என்றார் மெதுவாக.

"ஜெயிக்கவும் இல்லையே சார்."

"ஆமா. இன்னும் தெரியாது." அவர் முகத்தில் அந்தப் பழைய ஆசை வந்து உட்கார்ந்தது. பார்க்கவே தாங்கவில்லை. "பழைய பட்டியல் இருக்காம்மா?"

"கிழிச்சுட்டேன் சார்."

அவர் ஒரு தாளும் பேனாவும் எடுத்து என் பக்கம் தள்ளினார். "யார் யாருக்கு மாத்தினீங்கன்னு ஞாபகம் இருக்கிறவரைக்கும் எழுதுங்க. திரும்பக் கணக்குப் போட்டுப் பாத்துடலாம்."

ஒன்பது, பத்து என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு எண்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை.