பல்லைக் கடித்துக்கொண்டு பேசிய காலம்

1. பாராட்டு வாங்கிய அழைப்பு

அன்று காலை காக்ஸ் டவுன் வீட்டில் இட்லியை விண்டு வாயருகே கொண்டுபோனேன். வாய் திறக்கவில்லை. ஒரு விரல் நுழையும் அளவுக்குத் திறந்து, காதுக்கு முன்னால் சுளீரென்று வலித்து நின்றுவிட்டது.

சில மாதங்களாகவே தாடை வலிதான். நானோ ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனியின் கஸ்டமர் கேரில் டீம் லீட். "சிரிச்சுக்கிட்டே பேசுங்க, குரல்ல தெரியும்" என்று புதியவர்களுக்குப் பாடம் எடுப்பவள். அன்று தலைமை அலுவலகத்தினர் என் அழைப்பைக் கேட்க வருகிறார்கள். லீவு போட்டால் பயந்துவிட்டேன் என்பார்களே என்று ஆட்டோ பிடித்துப் போய்விட்டேன்.

மறுமுனையில் கோயம்புத்தூர்ப் பெரியவர் ஒருவர், ரிப்பேர் செய்த ஃபிரிட்ஜ் மறுபடி கெட்டதற்காகக் கத்திக்கொண்டிருந்தார். திறக்காத வாயால், "மன்னிச்சிருங்க சார்" என்றேன். அவர் சட்டென்று நிறுத்தினார்.

"ஏம்மா, அழுகறயா?"

"இல்ல சார்."

"சரி விடு. நாளைக்கே ஆள் வரோணும்னு இல்ல. மெதுவா அனுப்பு."

வந்தவர்கள் கைதட்டினார்கள். மேனேஜர் சுரேஷ், "அந்த டோன் சூப்பர் கிளாரா. டீமுக்கே ட்ரெயினிங் குடுத்துருங்க" என்றார். தலையாட்டினேன். அதற்கும் வலித்தது.

2. கன்னத்தில் டாக்டரின் விரல்

சாயங்காலம் பல் டாக்டரிடம் போய், கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிடச் சொன்னேன். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"பல்லு எல்லாம் சென்னாகிதே மேடம். நல்ல பல்லை எதுக்குப் பிடுங்கணும்?"

கன்னத் தசையை விரலால் அழுத்தினார். வலி நெற்றிப்பொட்டு வரை ஏறியது. போனைத் தோளுக்கும் தாடைக்கும் நடுவே இடுக்கிப் பேசுவேன், நாள் முழுக்கச் சூயிங்கம் மெல்லுவேன் என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"டென்ஷன் இருக்கா?"

"எனக்கா? கிடையவே கிடையாது டாக்டர்."

அப்போது மடியிலிருந்த போன் அடித்தது. திரையில் சுரேஷ். டாக்டரின் விரலுக்கடியில் என் கன்னம் கல்லாக இறுகியது எனக்கே தெரிந்தது.

"யாரு மேடம் அது?" என்றார் டாக்டர்.

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப இது வெறும் மனசுலதான்னு சொல்றீங்களா?"

"இல்ல. வலி நிஜம். தசை களைச்சுப்போயிருக்கு. ஆனா இறுக்குறது நீங்கதான். ரெண்டையும் பார்க்கணும்."

வெந்நீர் ஒத்தடம், மென்மையான சாப்பாடு, வாய்க்குப் பயிற்சி, ஹெட்செட், சாப்பிடாத நேரத்தில் பல்லோடு பல் படக்கூடாது. சுரேஷுக்கு மட்டும் மருந்து எழுதித் தரவில்லை.

3. வாயைத் திறந்த நாள்

மற்றவர்கள் சமாளிக்க முடியாத கோபக்கார அழைப்புகளெல்லாம் வருடக்கணக்காக என் தலையில்தான் விழுந்தன. பாத்ரூம் கண்ணாடி முன் நின்று பலமுறை ஒத்திகை பார்த்துவிட்டு சுரேஷின் அறைக்குப் போனேன். வேலையே போனாலும் சரி என்றுதான் போனேன்.

"சார், எஸ்கலேஷன் கால் எல்லாத்தையும் இனிமே நான் ஒருத்தியே எடுக்க முடியாது."

அவர் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தார். "அப்படியா? உங்களுக்கு அது பிடிக்கும்னுல்ல நினைச்சேன். முதல்லயே சொல்லியிருக்கலாமே."

அன்றே பாதியை வேறொருவருக்கு மாற்றிவிட்டார். தயார் செய்த மீதி வசனத்தை நான் அப்படியே விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வலி ஒரே நாளில் போகவில்லை. சில மாதங்களில் தணிந்தது. இப்போதும் அப்ரைசல் சமயத்தில் எட்டிப் பார்க்கும். ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, யாரிடம் எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன் என்று யோசிப்பேன். பெரும்பாலும் ஒத்தடத் துணி ஆறுவதற்குள் பெயர் வந்துவிடும்.