மணிக்கட்டில் ஒரு சொட்டு

"இழுப்பு இருக்கா? தேனீ கொட்டினா உடம்பு வீங்குமா? மறைக்காம சொல்லுங்க."

கேட்டுக்கொண்டே தேனீக்காரர், வந்தவரின் கையைத் திருப்பி மணிக்கட்டின் உள்பக்கம் மரக்குச்சியால் ஒரு சொட்டு வைக்கிறார். பார்க்கப் பால் மாதிரி, தொட்டால் பசை மாதிரி இருக்கும். சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்கிறார். "அரை மணி நேரம் பெஞ்சில உட்காருங்க. அரிச்சா, தடிச்சா, இது உங்களுக்குக் கிடையாது."

ராயல் ஜெல்லி என்கிற இந்தத் தேனீப் பாலை வாங்க வருகிறவர்களுக்கு இது பிடிப்பதில்லை. "பல்லு பிடுங்க வந்தவன் மாதிரி உட்கார வச்சிட்டீங்களே!" என்று ஒரு பஸ் டிரைவர் அலுத்துக்கொண்டார்.

"பல்லு போனா வேற கட்டிக்கலாம். மூச்சு போனா?"

இழுப்பு உள்ளவர்களைப் பெஞ்சுக்கே விடமாட்டார். வாசலிலேயே கும்பிட்டு அனுப்பிவிடுவார்.

சாதாரணத் தேனீயும் ராணியும் ஒரே மாதிரி முட்டையிலிருந்துதான் வருகின்றன. இந்தப் பாலையே தின்று வளரும் புழு ராணியாகி வருஷக்கணக்கில் வாழ்கிறது. மற்றவை வேலை செய்தே சில வாரங்களில் போய்ச் சேர்கின்றன. ஆண்டவன் அந்தச் சின்னப் பூச்சிக்கு என்னவெல்லாம் யோசித்திருக்கிறான் என்று எனக்கு மலைப்பாக இருக்கும்.

பக்கத்து வீட்டுத் தேனீக்காரரை நான் அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும்தான் கூப்பிடுவேன். அண்ணி நன்றாக இருந்த காலத்தில், பிறந்து ஒரு நாளே ஆன புழுக்களை இறகு நுனியால் அள்ளி மெழுகுக் கிண்ணங்களில் வைப்பது அவருடைய வேலை. கிண்ணம் ஒன்று சட்டைப் பொத்தான் அளவுகூட இராது. தேனீக்கள் அதில் பாலை நிரப்பும். மூன்றாம் நாள் எடுத்துவிடுவார்கள். அண்ணனுக்கு அந்த வேலை வராது. பாதிப் புழுவை நசுக்கிவிடுவார்.

"உங்க கை பெட்டி தூக்கத்தான் லாயக்கு. ராணியம்மா வேலைய நான் பார்த்துக்கறேன், நீங்க புகை போடுங்க மந்திரி!" என்பார் அண்ணி. முகவலையைப் பாதி தூக்கிவிட்டு, வாய்க்குள் சாமி பாட்டை முணுமுணுத்தபடி வேலை செய்வார். பக்கத்து வீட்டில் துணி காயப்போடும் எனக்கு அந்தப் பாட்டும் தேனீயின் ரீங்காரமும் ஒன்றாகத்தான் கேட்கும். இப்போது ரீங்காரம் மட்டும் கேட்கிறது.

முதலில் அண்ணிக்குப் பெட்டிகளின் எண்ணிக்கை மறந்தது. பிறகு ஒருநாள், தோட்டத்திலிருந்து வந்த புருஷனிடமே, "வாங்க சார், யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டார்.

ராணியை வளர்க்கும் பால் தன் ராணியை மீட்காதா என்று நினைத்தார் அண்ணன். தினமும் காலையில் பட்டாணி அளவு, நாக்குக்கு அடியில். புளிப்பு, சுருக்கென்று குத்தும். அண்ணி முகத்தைச் சுளிப்பார். ஒன்பதாம் நாள் முகவலையை மடித்துக்கொண்டே, "மந்திரி, புகை போதும்" என்றாராம். அண்ணன் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். "மூளைக்கு ஏறிடுச்சும்மா! என்னைக் கூப்பிட்டுட்டா!" நானும் சாமிக்கு விளக்கேற்றினேன்.

மறுநாள் இரண்டு கரண்டி கொடுத்திருக்கிறார். அண்ணியின் உதடு வீங்கி மூச்சு விசிலடித்தது. சின்ன வயதிலிருந்தே இழுப்புக்காரி.

"மறதி அவளுக்குன்னு நெனச்சேன். ஆசையில அவ இழுப்பையே நான் மறந்துட்டேன்மா" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டார்.

அண்ணி பிழைத்தார். "எலிங்களுக்குக் கொடுத்துப் பார்த்ததுல ஞாபகம் கூடுதுன்னு சொல்றாங்க. மனுஷங்களுக்கு உறுதியா எதுவும் தெரியலை. இழுப்பு உள்ளவங்களுக்கு ஆபத்து" என்றார் டாக்டர்.

"அப்போ அந்த 'மந்திரி'?" என்று கேட்டார் அண்ணன்.

"இந்த நோயில அப்படி ஒரு நல்ல நாள் தானாவும் வரும்."

இன்று யாராவது ஞாபகசக்திக்கு என்று கேட்டால், "ராணிக்கு நல்லது. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்கிறார் அண்ணன்.

அன்று அந்த பஸ் டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்ததும் உள்ளேயிருந்து அண்ணி வந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் மணிக்கட்டைத் திருப்பி நீட்டினார். அண்ணன் வேறொரு குச்சியை எடுத்து, குழாயடியில் இரண்டு தடவை கழுவி, அதிலிருந்த தண்ணீரையே ஒரு சொட்டு வைத்தார்.

"அரிக்குதா?"

"இல்லையே சார்."

கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அந்தச் சொட்டு வழிந்துவிடாமல் அண்ணியின் கையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.